ஞாயிற்றுக்கிழமைப் பாலம்

பாலம் என்றால் அடியில் மணல் இருக்கும். ஆம்பூரில் பிறந்தவனுக்கு இதுதான் பாடம். பாலாற்றுப் பாலத்துக்கு அடியில் எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து தொலைந்தால் முள்செடிக்குள் தேடுவார்களே தவிர, தண்ணீரில் தேடிய சரித்திரம் கிடையாது. காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், குடும்பத்தோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவனை நாற்பத்தாறாவது வயதில் ஜெர்மனிக்கு அனுப்பி, கடல் தாண்டி ஒரு தீவில் ஒரு ஜோடி ஷூவைக் காட்டிவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்?

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதம் அது. ஷூ பேக்டரியில் சாம்பிள் ரூமுக்கு நான்தான் பொறுப்பு. என்னிடம் ஒரு சொத்து உண்டு. அது என் கால். ஆண்கள் ஷூவுக்குச் சாம்பிள் எப்போதும் நாற்பத்திரண்டாம் சைஸில்தான் செய்வார்கள். என் கால் நூல் பிடித்தமாதிரி நாற்பத்திரண்டு. இருபது வருஷமாக எங்கள் பேக்டரியில் எந்தப் புது மாடல் வந்தாலும் முதலில் என் காலில் ஏறி, சாம்பிள் ரூம் கம்பளத்தில் பத்து அடி நடந்துவிட்டுத்தான் வெளியே போகும். கம்பளத்தைத் தாண்டி ஒரு அடி வைக்கக்கூடாது. சாம்பிளில் தூசு பட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் கத்துவேன் என்பது ஆம்பூருக்கே தெரியும்.

ஷூ இறக்குமதி செய்கிற ஹில்டே என்கிற ஜெர்மன் அம்மாள் எங்கள் ஷூவை ஒருமுறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறதாம். கால் வடிவ அச்சையே மாற்றி, மறுபடி தைத்தோம். "இந்த வாரத்துக்குள் நேரில் கொண்டுவந்து காட்டுங்கள். திங்கட்கிழமை காலை நான் போர்ச்சுகல் போகிறேன். அங்கேயும் ஒரு பேக்டரி சாம்பிள் வைத்திருக்கிறது" என்று ஃபேக்ஸ் வந்தது.

போர்ச்சுகல் என்ற வார்த்தையைப் படித்ததும் எங்கள் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆர்டர் இல்லாமல் மூன்றாவது தையல் லைனை நிறுத்தி ரெண்டு மாதம் ஆகியிருந்தது. மெஷின்களுக்கு மேல் துணி போட்டு மூடி, லைட்டை அணைத்து வைத்திருந்தார்கள். அந்த லைன் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் ரோஸியை மட்டும் முதல் லைனில் கூடுதல் ஆளாகப் போட்டிருந்தார்கள்.

நான் கிளம்புகிற அன்று ரோஸி கேட் வரைக்கும் வந்தாள்.

"பாய், இன்னா ஆனாலும் ஒரு போன் போட்டுடுங்க. ஆமான்னாலும் சரி, இல்லேன்னாலும் சரி. பொண்ணுங்க டெய்லி வீட்டாண்ட வந்து நிக்குதுங்க. பதில் சொல்ல முடியாம பேஜாரா இருக்குது."

"போடறேம்மா. நீ தைரியமா இரு."

"தைரியமாத்தான் இருக்கேன். நீங்க அங்க போய் யார்கிட்டயும் சத்தம் போடாம இருந்தா போதும்."

வீட்டில் என் மனைவி ஷாஹிதா எலுமிச்சை ஊறுகாய், பாகில் ஊறின மக்கன் பேடா ஒரு டப்பா எல்லாம் கட்டிக் கொடுத்தாள். புது சாக்ஸ் வாங்கலாம் என்று சொன்னேன். "இருக்கறதே நல்லாத்தான் இருக்குது. குதிங்கால்ல மட்டும் கிழிஞ்சிருக்குது, தைச்சுத் தர்றேன். ஜெர்மன்காரங்க உங்க சாக்ஸையா பாக்கப் போறாங்க?" என்றாள். நியாயமான கேள்விதான் என்று அப்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹைலிகென்ஹாஃபன் என்கிற கடற்கரை ஊரில் இறங்கினேன். பெயரைச் சொல்லவே ரெண்டு மூச்சு வேண்டும். சின்ன ஊர். மீன்பிடிப் படகுகள், சிவப்பு ஓட்டு வீடுகள், தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடையாது. துறைமுகத்தில் நின்று பார்த்தால் தூரத்தில் கடலின் மேல் அந்தப் பாலம் தெரிகிறது. அக்கரையில் ஃபெமார்ன் தீவு, ஹில்டே அம்மாளின் ஆபீஸ் இருக்கிற இடம். நடுவில் ஒரு பெரிய இரும்பு வளைவு. சட்டை மாட்டுகிற ஹேங்கரைக் கடலில் நட்டு வைத்தமாதிரி இருந்தது. பெரிய உவமை கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர்களே அதைத் துணி ஹேங்கர் என்றுதான் கூப்பிடுவார்களாம். அது பிறகுதான் தெரிந்தது.

இப்போது என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பேக்டரிகளுக்கு வாராந்திர லீவு வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு ரெண்டும் முழு வேலை நாள். ஜெர்மனியில் ஞாயிறுதான் லீவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உடம்புக்குத் தெரியவில்லையே! இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை ஒரு தோல் துண்டைத் தொட்டதில்லை. குளித்து, அத்தர் பூசி, ஜும்மா தொழுது, பிரியாணி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுகிற நாள் அது. அவர்களுக்கு ஞாயிறு லீவு என்றால் சனிக்கிழமை ஜோராக வேலை நடக்கும், நாளைக்குக் காலையில் தெம்பாகப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு போன் போட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போன் போடுகிற பழக்கமும் எனக்கு இல்லை.

குளித்தேன். மசூதிக்கு வழி தெரியாததால் ரூமிலேயே தொழுதேன். பிரியாணிக்கு எங்கே போவது? துறைமுகத்துக் கடையில் எல்லோரும் ரொட்டிக்கு நடுவில் மீன் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று வாங்கிக் கடித்தேன். பச்சை மீன்! உப்பில் ஊறப்போட்டு, மேலே வெங்காயம் வைத்து, அப்படியே கொடுத்துவிட்டான். அடுப்பென்ற ஒன்றை அது பார்த்ததே இல்லை. ஒரு கடல்காகம் வந்து என் தோளுக்கு மேலேயே வட்டம் போட்டது. மீதியை அதற்குக் கொடுத்துவிட்டேன். அது சந்தோஷமாகப் போயிற்று.

அடுத்த தெருவில் ஒரு துருக்கிக்காரர் கோழிக்கறி ரொட்டிக் கடை வைத்திருந்தார். பெயர் யூசுஃப். சலாம் சொன்னேன். மனிதர் கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம், எனக்கு ஜெர்மன் சுத்தமாகக் கிடையாது. ஆனால் அவர் "தோஸ்த்" என்றார். நான் "தோஸ்த்" என்றேன். அவர் "சாய்?" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆம்பூர் பஜாரில் புழங்குகிற பாதி வார்த்தை அவர் வாயிலும் இருந்தது. ஷாஹிதாவின் ஊறுகாயை அவர் கோழியோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மாலை வரை தூங்கினேன். சொர்க்கம் போன்ற தூக்கம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாலே பேர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூ வயல், கடுகு மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பாலம் கிட்டே வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம்மூர் வழக்கப்படி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனேன். இறங்குகிற இடம் வருவதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே வாசலில் நிற்காவிட்டால் நம் பஸ்ஸில் இறங்க முடியுமா? பிடிமானத்துக்குக் கம்பியைப் பிடித்தேன். கம்பியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. என் கை அதில் பட்டு மணி அடித்தது. டிரைவர் பாலத்துக்கு முன்னால் இருந்த கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, "வணக்கம், நல்ல நாளாக அமையட்டும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். மறுத்துப் பேச வெட்கப்பட்டுக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன்.

பஸ் போய்விட்டது. கம்பத்தில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் இருந்தது. என்னை நானே உருதுவில் நன்றாகத் திட்டிக்கொண்டு, சாம்பிள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

அந்த நடையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு பக்கம் கார்கள், அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம், ஓரத்தில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு நடைபாதை. பாலம் மேடாக ஏறுகிறது. உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தால், அடேயப்பா, தண்ணீர்! பாய்மரம் விரித்த படகு ஒன்று என் காலுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போயிற்று. காற்று தலையில் இருந்த தொப்பியைக் கழற்றப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ரயிலும் வந்துவிட்டது. பாலம் கிடுகிடுத்தது, என் பல்லும்தான். ரயில் போனதும் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு அக்கரையில் தீர்ந்தது. ஹில்டே அம்மாளின் ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் ரொட்டிக் கடைக்காரப் பெண்ணும் கூடைகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். பூட்டைக் காட்டினேன். "சனி இல்லை, ஞாயிறு இல்லை. திங்கள்!" என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.  வெள்ளிக்கிழமைதான் வாரத்தின் கடைசி வேலை நாளாம். அதைத்தான் நான் தூங்கிக் கழித்திருக்கிறேன்! மூடி வைத்த மெஷின்களும், கேட்டில் நின்ற ரோஸியும் கண்முன் வந்தார்கள். நல்லவேளை, அந்தப் பெண் ஹில்டே அம்மாளின் வீட்டைக் கைகாட்டினாள்.

அவர் தோட்டத்தில் ஆப்பிள் மரத்துக்கு அடியில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். வேலிக்கு வெளியே நான் தொப்பியோடும் பையோடும் நிற்பதைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"நேற்று ஆறு மணி வரை காத்திருந்தேன்" என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மேடம், எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை லீவு."

"இது உங்கள் ஊரா?"

எனக்குக் கோபம் ஏறியது. சத்தம் போடாமல் இருங்கள் என்று ரோஸி சொன்னது ஞாபகம் வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"எனக்காக ஷூ போட்டு நடந்து பார்க்கிறவர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைதான் வருவார். அப்போது நான் விமானத்தில் இருப்பேன். போட்டுப் பார்க்காத ஷூவை நான் வாங்குவதில்லை."

"நான் நடக்கிறேன் மேடம். என் கால் நாற்பத்திரண்டு."

சட்டென்று வந்துவிட்டது. அவர் என் காலைப் பார்த்தார். உள்ளே போய் அளவுப்பட்டை கொண்டுவந்தார். தோட்டத்துப் பெஞ்சில் என்னை உட்காரவைத்து, நீளம், அகலம், சுற்றளவு மூன்றும் எடுத்தார். பிறகு மறுபடியும் எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை லீவு என்றால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"வேலை செய்வோம்."

"அப்படியானால் நாளைக்கு உங்களுக்கு வேலை நாள்தான்" என்றார். "காலை எட்டு மணிக்குப் பாலத்தின் இந்தக் கரையில் நில்லுங்கள். ஐந்து முறை போய்வர வேண்டும். முடிவில் காலைப் பார்த்துச் சொல்கிறேன்."

மக்கன் பேடா டப்பாவை நீட்டினேன். வேலை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று கையை ஆட்டிவிட்டு மெஷினைக் கிளப்பிவிட்டார்.

அன்று மாலை யூசுஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது. ஞாயிறு காலையில் அவ்வளவு சீக்கிரம் பஸ் கிடையாது என்று அவரே வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். விடிகாலையில் ஃபஜர் தொழுதுவிட்டு, பிளாஸ்கில் சாய் நிரப்பிக்கொண்டு, ரெண்டு பேரும் பாலத்தைத் தாண்டினோம்.

ஹில்டே அம்மாள் ஏற்கெனவே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சைக்கிள், மடியில் நோட்டுப் புத்தகம். நான் சாம்பிள் ஷூவைக் காலில் ஏற்றினேன். கம்பளத்தை விட்டு முதல்முறையாக ஒரு சாம்பிளைத் தார் ரோட்டில் வைக்கிறேன். மனசு கேட்கவில்லை. பிஸ்மில்லா சொல்லி நடந்தேன்.

முதல் தடவை சுகமாகப் போனது. இரண்டாவது தடவை சைக்கிளில் வந்த ஒரு தம்பதி எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். "இந்த மனிதர் எதையோ தொலைத்துவிட்டாரா?" என்று அந்த அம்மாள் கேட்டாளாம். "இல்லை, வேலைக்குப் போகிறார்" என்றாராம் ஹில்டே. யூசுஃப்தான் எனக்கு மொழிபெயர்த்தார். மூன்றாவது தடவை தூறல் போட்டது. தையல் வழியே ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ரோஸியே உட்கார்ந்து போட்ட தையல் அது, எப்படி வரும்? நடுப்பாலத்தில் நின்று கடலைப் பார்த்து ஒருமுறை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நாலாவது தடவை பாதியில் இடது குதிகாலில் ஏதோ உறுத்தியது. முதலில் கவனிக்காத மாதிரி நடந்தேன். உறுத்தல் நிற்கவில்லை. ஐந்தாவது தடவை ஒவ்வொரு அடிக்கும் சுருக் சுருக்கென்றது. சுண்டுவிரலுக்காக அச்சையே மாற்றினோமே, குதிகாலில் கோட்டைவிட்டுவிட்டோமா? நொண்டாமல் நடந்தேன். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டேன். அல்லா, இந்த ஒரு கிலோமீட்டரை மட்டும் தாண்டவை என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றதும் அவர் கேட்டார். "எங்கேயாவது வலிக்கிறதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இருபது வருஷமாக என் கால் பொய் சொன்னதில்லை. அதை நம்பித்தான் பேக்டரியே ஓடுகிறது.

"இடது குதிகால், மேடம்."

யூசுஃப் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹில்டே அம்மாள் ஷூவை வாங்கி உள்ளே விரலை விட்டுத் துழாவினார். ஒரு மேடு, ஒரு பள்ளம் இல்லை. பிறகு என் குதிகாலைப் பார்த்தார். பட்டாணி அளவுக்குச் சிவந்திருந்தது. அதையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் சாக்ஸைக் கேட்டு வாங்கினார். எனக்கு மானமே போயிற்று. உள்பக்கம் திருப்பினார். கிழிந்த இடத்தைச் சேர்த்துத் தைத்து, முடிவில் ஷாஹிதா போட்ட முடிச்சு, மிளகு மாதிரி நின்றது.

"இது யார் தைத்தது?"

"என் வீட்டுக்காரம்மா."

"உங்கள் பேக்டரியில் வேலை செய்கிறாரா?"

"இல்லை மேடம்! சத்தியமாக இல்லை."

அப்போதுதான் அவர் சிரித்தார். நாற்காலி ஆடுகிற சிரிப்பு. யூசுஃபுக்கும் தொற்றிக்கொண்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டையும் செய்தேன். ஹில்டே அம்மாள் பேனாவை எடுத்து, ரெண்டு ஷூவின் அடிப்பாகத்திலும் கையெழுத்துப் போட்டார். சம்மதமான சாம்பிளில் வாங்குகிறவர் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார். வலது அவருக்கு, இடது எங்களுக்கு. சரக்கு வந்து இறங்குகிறபோது ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. ஒற்றை ஷூவை நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

"இப்போது அந்த டப்பாவைத் திறக்கலாம்" என்றார்.

மூன்று பேரும் பாலத்தின் ஓரத்தில் மக்கன் பேடா தின்றோம், துருக்கி சாய் குடித்தோம். பாகு அவர் நோட்டுப் புத்தகத்தில் சொட்டியது. துடைக்கக்கூட இல்லை, இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

எனக்குப் போன் ஞாபகம் வந்தது. கேட்டதும் தன் கைப்பேசியைக் கொடுத்தார். "ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. யார் எடுப்பார்கள்?" என்றார்.

"எடுப்பாங்க" என்றேன், தமிழிலேயே.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ரோஸியைக் கூப்பிடச் சொன்னேன். ரிசீவரைக் கீழே வைத்த சத்தம், அதற்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம். கைப்பேசியை ஹில்டே அம்மாளின் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாய்?" ரோஸிக்கு மூச்சு வாங்கியது. "இன்னா பாய், சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

"மூணாவது லைன் லைட்டப் போடும்மா."

உடனே போனை விட்டுத் தள்ளிப் போய் அவள் கத்தியது கடல் தாண்டிக் கேட்டது. "ஏய், புள்ளைங்கள வரச் சொல்லுங்கடி! இப்பவே! எல்லாரையும்!"

ஹில்டே அம்மாள் என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"ஐயோ, வேண்டாம்" என்றார். "இன்று ஞாயிற்றுக்கிழமை. பாவம், அவர்களை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்."

"அவர்கள் ரெண்டு மாதமாக ஓய்வில்தான் இருக்கிறார்கள், மேடம்" என்றேன்.